வெளிநாட்டு விருந்தினரை ஏற்காட்டில் தங்க வைத்தது

கருத்தரங்குக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. அயலகத் தமிழர் பற்றி எங்கள் கல்லூரி ஏற்காட்டில் நடத்தியது; வெளிநாட்டு விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. சேலம் பக்கம் இனி யாராவது இப்படி நடத்தினால் உதவும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் அடி விசாவில் விழுந்தது. கருத்தரங்குக்கு வருகிறவர் டூரிஸ்ட் விசாவில் வரக் கூடாது, கான்ஃபரன்ஸ் விசா வேண்டும். அதற்கு அழைப்புக் கடிதத்தோடு, வெளியுறவு அமைச்சகம் ஆட்சேபம் இல்லை என்று தரும் அரசியல் அனுமதியின் நகலும் கேட்பார்கள். அந்த அனுமதியை நடத்துகிறவர்கள்தான் வாங்கித் தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எல்லாரு பேரும் முடிவாகட்டுங்க, மொத்தமா அனுப்பிக்கலாம்" என்று மேசையிலேயே வைத்திருந்தார். எப்போது போய்க் கேட்டாலும் அதே பதில். அனுமதி வந்து சேர்ந்தபோது விமான டிக்கெட் விலை எங்கேயோ போய்விட்டது. மொரீஷியஸ் பேராசிரியர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்காகவே ஓர் அமர்வை ஒதுக்கி வைத்திருந்தோம். இன்னும் மனசு ஆறவில்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்தது எங்கள் சிறப்புப் பேச்சாளரால். ஓய்வுபெற்ற தூதர் அவர். வெளியுறவுப் பணியில் மூன்றாம் செயலாளராகத் தொடங்கி, போன நாட்டு மொழியைப் படித்துத் தேர்வு எழுதி, விசாப் பிரிவில் உட்கார்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். அறிமுகக் குறிப்பு கேட்கத்தான் போன் செய்தேன். பேச்சு விசா பக்கம் திரும்பியதும் எங்கள் கடிதத்தை அனுப்பச் சொன்னார். படித்துவிட்டு, "தம்பி, முழுப் பக்கமும் காலேஜ் பெருமையா இருக்கு. நான் அங்க உக்காந்திருந்தப்ப மூணே விஷயந்தான் தேடுவேன். எந்தத் தேதி, எங்க தங்கறாரு, யாரு செலவு. அது இதுல இல்லையேப்பா" என்றார்.

அவர் சொல்லச் சொல்லத் திருத்தினோம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். மலேசியத் தமிழர் பெயருக்கு நடுவே வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) எதையும் விடக் கூடாது. பாஸ்போர்ட் எண், பொறுப்பாளரின் கைபேசி எண் கட்டாயம். அதற்குப் பிறகு போன கடிதங்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பெரிய சோதனை மலை மேல் காத்திருந்தது. மலேசியாவிலிருந்து வந்த பேராசிரியை அம்மா திருச்சியில் இறங்கி, நாமக்கல் வழியாக ஏற்காடு வந்து சேர நன்றாக இருட்டிவிட்டது. ரிசார்ட் வரவேற்பில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஃபாரினருக்கு ரூம் தர முடியாதுங்க சார், எங்களுக்கு சி ஃபார்ம் ஐடி இல்லைங்க" என்கிறார். முன்பணம் வாங்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள்! வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை, சி ஃபார்ம் என்கிற படிவத்தில், ஆன்லைனில் பதிய வேண்டியது தங்க வைக்கிறவர் பொறுப்பு. அதற்கான கணக்கே இவர்களிடம் இல்லை. வெளியே பனி இறங்குகிறது, அந்த அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெட்டி பக்கத்தில் நிற்கிறார்.

எனக்குக் கை நடுங்கியது. தூதரையே கூப்பிட்டேன். "அவங்ககிட்ட சட்டம் பேசிட்டு நிக்காதீங்க. பதியாத இடத்துல தங்கினா நாளைக்கு அந்தம்மாவுக்கும் கேள்வி வரும். பதியற இடமாப் பாத்துப் போங்க" என்றார். ஏரி பக்கம் ஒரு லாட்ஜில் கேட்டோம். அங்கே இருந்த பையன் மறுபேச்சில்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தான். விசாத் தாளையும் குடியேற்ற முத்திரையையும் படம் எடுத்தான், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார் என்று கேட்டுக் கேட்டுப் பதிந்து, ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்தான். அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

அறை பேசும்போது வாடகைக்கு முன்னால் "சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேளுங்கள்.

வழி பற்றியும் விருந்தினருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சென்னையிலிருந்து வருகிறவர் சேலம் ஜங்ஷனில் விடியும் முன்பே இறங்கியாக வேண்டும், வண்டி தயாராக நிற்கட்டும். சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு உள்நாட்டு விமானம் மட்டுந்தான். பெங்களூரில் இறங்குகிறவருக்கு நகரத்தைத் தாண்டி ஓசூர் ரோட்டைப் பிடிப்பதற்கே நேரம் போய்விடும். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்குத் திருச்சிதான் வசதி. மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

மறுநாள் தூதர் பேசியது, பாஸ்போர்ட் தொலைத்த தொழிலாளிகளுக்கு எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கொடுத்து ஊருக்கு அனுப்பிய நாட்களைப் பற்றி. டீ வந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த அம்மா முதல் வரிசையில் இருந்தார்.

ரிசார்ட்காரர்கள் முன்பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன், விடப் போவதில்லை.