அக்கா மகனின் கோல்ஃப் சீசன்

எங்கள் கிருஷ்ணகிரியில் அக்கா மகன் கோல்ஃப் ஆடுகிறான் என்றால், “வசதியான வீடு போல” என்கிறார்கள். பெங்களூர் கிளப்பில் அடுத்தவர் மட்டைப் பையைச் சுமந்து ஆட்டம் கற்றவன் அவன். இப்போது பிஜிடிஐ எனும் இந்தியத் தொழில்முறைத் தொடரில் ஆடுகிறான்.

ஒரு போட்டி என்றால் நான்கு நாள், நாளுக்கு 18 குழி. இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’ விழும். ஏறக்குறைய 50 பேர் மட்டும் மேலே போவார்கள். மற்றவர்களுக்குக் காலணா கிடையாது. ரயில், ரூம், நுழைவுக் கட்டணம், பை தூக்குபவர் கூலி எல்லாம் கைக்காசு. மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் உள்ள போட்டியில் ஜெயிப்பவருக்கு 15 லட்சம் என்பதைத்தான் பேப்பரில் போடுவார்கள்.

பல பேர் ஒரே இடத்தில் முடித்தால் அத்தனை இடங்களின் பரிசையும் கூட்டிச் சமமாகப் பிரிப்பார்கள். கடைசிக் குழியில் நழுவும் ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு விலை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். வலது கை கருத்துப் போயிருக்கிறது. கையுறை போடும் இடது கை மட்டும் மணிக்கட்டு வரை வெளுப்பு. பாட்டி தேமலோ என்று பயந்து மஞ்சள் தடவப் பார்த்தாள்!

இந்த சீசனில் கட் தாண்டியது குறைவுதான். சரி, இன்னும் போட்டிகள் மிச்சம் இருக்கின்றன. ஓசூர்ப் பக்கம் கம்பெனி நடத்தும் நண்பர்கள் யாராவது பயணச் செலவுக்கு உதவ முடிந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். பையில் உங்கள் பெயரைப் பெரிதாகவே போட்டுக்கொள்வான்.