நுரையீரலில் குடியிருக்கும் டி செல்கள்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 6 (நாள் 0)

கேள்வி இது: ஃப்ளூ வந்துபோன சுண்டெலியின் நுரையீரலில் நினைவு டி செல்கள் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு செல்கள்) எவ்வளவு நாள் குடியிருக்கின்றன, என்ன பாதுகாப்பு தருகின்றன? இன்று தொற்று கொடுக்கும் நாள். எக்ஸ்31 என்ற ஆய்வக வகை இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸ், 30 மைக்ரோலிட்டர், மூக்கு வழியே. சுண்டெலி முழு மயக்கத்தில் இருக்க வேண்டும். மூச்சு நிதானமாகி ஆழமாக இழுக்கும்போது சொட்டுச் சொட்டாக விட்டால்தான் வைரஸ் நுரையீரல்வரை இறங்கும். மயக்கம் கொடுக்காமல் 10 மைக்ரோலிட்டர் மட்டும் விட்டால் மூக்கோடு நின்றுவிடும். மூக்கிலும் நினைவு டி செல்கள் குடியேறும், நுரையீரலில் இருப்பவற்றைவிட நெடுநாள் நிற்கவும் செய்யும். ஆனால் இங்கே கேள்வி நுரையீரலைப் பற்றியது.

தினமும் எடை பார்ப்பது கட்டாயம். எடை இறங்கவே இல்லையென்றால் மருந்தளவு உள்ளே போகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பிப்ரவரி 10 (நாள் 35)

இதயம் வழியே உப்புக் கரைசல் செலுத்தினால் நுரையீரல் இளஞ்சிவப்பிலிருந்து வெளுத்து, பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. பார்த்தால் ரத்தமே இல்லை என்று தோன்றும். அதை நம்பக் கூடாது. தந்துகிகளின் சுவரில் ஒட்டியிருக்கும் டி செல்கள் கழுவலுக்கு அசைவதில்லை. எல்சிஎம்வி என்ற எலி வைரஸ் தொற்றிய எலிகளில் இப்படிக் கழுவிய நுரையீரலின் நினைவு சிடி8 செல்களில் (தொற்றிய செல்களைக் கொல்லும் வகை டி செல்கள்) 90 சதவீதத்துக்கும் மேல் ரத்தக் குழாய்க்குள்தான் இருந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, எலி உயிரோடு இருக்கும்போதே அடையாளமிட வேண்டும். ஒளிரும் சாயம் கோத்த, எல்லா வெள்ளை அணுக்களின் மேலும் உள்ள சிடி45 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி 3 மைக்ரோகிராம், வால் சிரை வழியே. சரியாக 3 நிமிடம். குழாய்க்குள் இருப்பது சாயம் ஏறும், திசுவில் இருப்பது ஏறாது. கடிகாரத்தைப் பார்த்தபடி செய்ய வேண்டிய வேலை இது. தாமதித்தால் ஆன்டிபாடி திசுவுக்குள் கசியத் தொடங்கும். நுரையீரலை நறுக்கும்போது மிச்சமிருக்கும் ஆன்டிபாடி திசு செல்களிலும் ஒட்டும் என்பதால், எடுத்தவுடன் குளிர்ந்த கரைசலில் நன்றாகக் கழுவுவது அவசியம். கூடவே கொஞ்சம் ரத்தமும் எடுத்துவைக்க வேண்டும்: ரத்த செல்கள் ஏறத்தாழ எல்லாமே சாயம் ஏறியிருக்காவிட்டால் ஊசி சிரைக்குள் போகவில்லை, அந்த எலியின் தரவை விட்டுவிடலாம்.

பிப்ரவரி 11

நுரையீரலைத் தனித்தனி செல்களாகப் பிரிக்க, கொலாஜினேஸ், டிஎன்ஏஸ் என்ற இரண்டு நொதிகளும் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். நேரத்தை நீட்டினால் செல் கூடும் என்று ஆசைப்படுவது தப்பு. மேற்பரப்புப் புரதங்கள் வெட்டுப்பட்டு, ஆன்டிபாடி பிடிக்க இடம் இல்லாமல் போகும்.

இன்னொரு திருடன் கண்ணுக்குத் தெரியாதவன். திசு உடையும்போது செல்களிலிருந்து வெளியேறும் என்ஏடி என்ற சிறு மூலக்கூறு, ஏஆர்டிசி2 நொதி வழியாக, செல்லைச் சாகடிக்கக்கூடிய பி2எக்ஸ்7 ஏற்பியைத் திறந்துவிடுகிறது. இந்த ஏற்பி குடியிருக்கும் செல்களில் நிறைய உண்டு. அதனால் அவைதான் முதலில் சாகின்றன. குளிரில் சாயமிட்டுப் பார்க்கும்போது நலமாகத் தெரியும் செல், அதைத் தூண்ட வைரஸ் புரதத் துண்டு (பெப்டைடு) சேர்த்து 37 டிகிரியில் வைத்ததும் மடிந்துவிடும். "இவை சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம்) சுரப்பதில்லை" என்ற முடிவுக்கு அவசரப்படுவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். அறுப்பதற்கு 30 நிமிடம் முன் ஏஆர்டிசி2ஐத் தடுக்கும் நானோபாடி (மிகச் சிறிய ஆன்டிபாடி) 50 மைக்ரோகிராம் சிரை வழியே கொடுத்தால் பெருமளவு தப்பும்.

சிரை வழிச் சாயம் ஏறாத, சிடி44 (கிருமியை முன்பே சந்தித்த செல்லின் அடையாளம்) மிகுந்த, என்பி டெட்ராமர் (வைரஸின் என்பி என்ற உட்புரதத்தை அடையாளம் காணும் டி செல்களில் மட்டும் ஒட்டும் குறி) பிடித்த சிடி8 செல்களில் சிடி69, சிடி103 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் பார்க்கிறோம். சிடி69, எஸ்1பி ஏற்பி1ஐ உள்ளிழுத்து, செல் வெளியேறும் வழியை அடைக்கிறது. சிடி103, எபிதீலியத்தின் (உள்வரிச் செல்படலத்தின்) ஈ-கேதரின் என்ற ஒட்டுப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிடி4 செல்களில் (உதவி டி செல்கள்) சிடி103ஐத் தேடி ஏமாற வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் இருக்காது.

பிப்ரவரி 12

மூச்சுக்குழல் கழுவல் செல்கள். சிடி11ஏ என்ற ஒட்டுப் புரதம் குறைந்தவை காற்றுவழியில் சில நாள் தங்கியவை.

ஜூலை 7 (நாள் 182)

அதே முறை, அதே அளவு. நுரையீரலின் டெட்ராமர் செல்கள் மெலிந்துவிட்டன. மண்ணீரலில் நினைவு செல்கள் இன்னும் தாராளமாகவே உண்டு. பாதுகாப்பை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சோதிக்க இரண்டாவதாகக் கொடுப்பது பிஆர்8 என்ற இன்னொரு ஃப்ளூ வகை; அதன் மேற்பரப்புப் புரதங்கள் வேறு, எக்ஸ்31க்கு உருவான ஆன்டிபாடி அதைத் தடுக்காது. உட்புரதங்கள் ஒன்றே என்பதால் டி செல்தான் கைகொடுக்க வேண்டும். முதல் மாதத்தில் பிஆர்8 கொடுத்தால் எலி சீக்கிரம் தேறுகிறது. இப்போது கொடுத்தால் அந்தச் சாதகம் பெரிதும் போய்விடுகிறது, மண்ணீரலின் செல்கள் வந்து சேர்வதற்குள் வைரஸ் பல மடங்கு பெருகியிருக்கும்.

மிச்சமிருப்பவை எங்கே என்று வெட்டுத்துண்டுகளில் தேடினால், தொற்றால் சேதமாகிப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் இடங்களில்தான் கொத்தாகத் தெரிகின்றன. அந்த இடம் ஆறிச் சுருங்கச் சுருங்க, அவையும் குறைகின்றன. நாளை, புதுப்பிக்கும் இடங்களைக் காட்டும் கெரட்டின்5 புரதத்துக்கான சாயம்.