பூட்டிய வீடுகளுக்குப் பின்னால்

குறைந்த விலையில் சொத்து வாங்க விரும்புபவர்கள் வங்கி ஏல விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதற்கு முந்தைய கட்டமான சுவாதீன அறிவிப்புகளைப் படிக்கிறேன். அடமானச் சொத்தைக் கொண்டு வங்கிகள் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வங்கி கொடுத்த 60 நாள் கெடு முடிந்தும் கடன் தீராவிட்டால், வங்கி சொத்தைக் கைக்கொண்டதாக இரு நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்கும். அந்த அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையிலுள்ள காலத்தில், வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு கடன்தாரரே வீட்டை விற்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனாலும் கடனில் தவிப்பவரின் வாசலில் போய் நிற்பது எனக்கு இன்றுவரை கூச்சமாகவே இருக்கிறது.

ஆகவே, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தேடுவதையே அதிகம் விரும்புகிறேன். சுவரில் ஆலங்கன்று முளைத்த வீட்டைக் கண்டால், முதலில் தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் விசாரிப்பேன். எந்தத் தரகரையும்விட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும். பிறகு புல எண்ணைக் கொண்டு இணையத்தில் பட்டாவைப் பார்த்தால், பெரும்பாலும் என்றோ இறந்துபோன தாத்தாவின் பெயரே அதில் இருக்கும். வில்லங்கச் சான்றிலிருந்து பழைய கிரயப் பத்திரத்தின் எண் கிடைக்கும். அதன் நகலில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுவேன். பதிவு செய்யப்படாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வில்லங்கச் சான்றில் தெரியாது என்பதால், வாரிசுகளை ஒவ்வொருவராகக் கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை. மணமாகிப் போன மகள்களை விட்டுவிட்டு எழுதிய பத்திரம்தான் பின்னாளில் நீதிமன்றப் படியேறும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே எழுதப்பட்ட பொது அதிகாரப் பத்திரத்துக்கு இங்கே உரிய காலத்தில் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உள்நாட்டு விற்பனைக்குரிய 1 சதவீத வரிப்பிடித்தம் வெளிநாடுவாழ் விற்பனையாளருக்குப் பொருந்தாது, வாங்குபவர் விலையிலிருந்து பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம்.

இப்போது நான் தொடரும் வீட்டுக்கு ஏழு வாரிசுகள். ஆறு பேர் சம்மதித்துவிட்டார்கள். அவர்கள் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே என்றார் தரகர். ஆனால் பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் உள்ளே குடியேற, 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இடங்கொடுப்பதில்லை. பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். ஏழாமவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.