சம்பள பாக்கிக்கு வீடியோ போடும் முன்: ஒரு லாரி டிரைவரின் அனுபவம்

நாசிக் மாவட்டம் லாசல்காவில் வெங்காயம் ஏற்றும்போதே தார்ப்பாயில் மூன்று இடத்தில் கிழிசல். படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "இந்த ட்ரிப் ஓட்டிட்டு வாப்பா, வந்து மாத்திக்கலாம்" என்று வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. 2024 ஜூலை அது. சாத்தாரா தாண்டியதிலிருந்து கோலாப்பூர் வரை மழை விடவே இல்லை. கோயம்பேட்டில் இறக்கினால் பின்பக்க மூட்டையெல்லாம் ஊறிக் கிடக்கிறது. வியாபாரி வாடகையில் பிடித்துவிட்டார். அதை அப்படியே என் தலையில் கட்டினார் ஓனர்.

எனக்கு வரவேண்டியது இரண்டு மாதச் சம்பளம் 32,000, பேட்டா பாக்கி 9,500. டேமேஜ் 38,000 போக 3,500தான் என்று நீட்டினார்கள். வாங்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். அவர்கள் வாங்கி வைத்திருந்த என் லைசென்ஸ் ஒரிஜினல் ஆபீஸ் பீரோவிலேயே நின்றுவிட்டது.

அன்றிரவு ஆத்திரத்தில் முகநூலில் ஒரு வீடியோ போட்டேன். ஓனர் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், கூடவே வாயில் வந்ததெல்லாம். நிறையப் பேர் பார்த்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். பணம் வரவில்லை, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன்தான் வந்தது. அழித்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவதூறுக்குப் போலீஸ் நேராகக் கைது செய்ய முடியாது, கோர்ட் வழியாகத்தான் வரவேண்டும் என்று ஒரு வக்கீல் பிறகு சொன்னார். ஆனால் கெட்ட வார்த்தை பேசினால் அது தனி வழக்கு. தயவுசெய்து யாரும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அடுத்தது தொழிலாளர் துறை அலுவலகம். முதல் நாள் முழுக்க வீண். "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்க?" என்று கேட்டார் அங்கிருந்த கிளார்க். எந்த லாரி டிரைவருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்? நான் டிரான்ஸ்போர்ட் பெயரில் மனு எழுதியிருந்தேன்; வண்டியோ ஓனருடைய மனைவி பெயரில். எதிர்மனுதாரர் தப்பு என்று திருப்பிவிட்டார். ஆர்சியை எப்போதோ போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் தேடினால் உரிமையாளர் பெயரை முழுசாகக் காட்டாது. வண்டி கையில் இருக்கும்போதே ஆர்சி, எல்ஆர் (சரக்கு ஏற்றிய ரசீது), டீசல் பில் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். ஓனர் ஜிபேயில் வழிச்செலவு போட்ட கணக்கும் சாட்சிதான்.

அப்போது அமலில் இருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம் 1936இன்படி, சரக்கு சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அது டிரைவரின் கவனக்குறைவால் நடந்திருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவரிடம் விளக்கமும் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் முறை போனபோது மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் இரண்டாவது வீடியோ. பெயர் சொல்லவில்லை, திட்டவில்லை. தேதியோடு தார்ப்பாய்ப் படம், அந்த வாய்ஸ் மெசேஜ், மனு கொடுத்த ரசீது, அவ்வளவுதான். படத்தில் தெரியும் வண்டி முகப்பைப் பார்த்தாலே லாரி லைனில் இருப்பவர்களுக்கு யாருடையது என்று தெரியும். முதல் வீடியோ அளவுக்குக்கூட இது ஓடவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எங்கள் ஆட்கள். அதே ஷெட்டில் ஓட்டிய நான்கு பேர் தங்களுக்கும் இப்படிப் பிடித்ததை எழுதினார்கள். வேலைக்குச் சேர வந்த இரண்டு டிரைவர்கள் வராமலே நின்றுவிட்டார்கள். லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ்காரரும் ஓனரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். நாமக்கல்லில் டிரைவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

2023இல் ஜெர்மனியில் கிரேஃபென்ஹாவுசன் என்ற இடத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் சம்பள பாக்கிக்காக வண்டிகளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். போலந்து முதலாளி கவச வண்டியோடு ஆட்களைக் கூட்டி வந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. ஆனாலும் அவர்கள் கையில் இருந்த பலம், நகராமல் நின்ற சரக்குதான் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பதை நம் முதலாளிகள் பொருட்படுத்துவதில்லை. லோடு கொடுப்பவரும் வண்டி ஓட்டுபவரும் பார்த்தால்தான் பயம் வருகிறது.

இரண்டாவது வீடியோ போட்ட ஒன்பதாவது நாள் ஓனரின் மேனேஜர் கூப்பிட்டார். "எதுக்குப்பா வம்பு, வந்து வாங்கிக்க." 25,000 கொடுத்துவிட்டு, 'முழுக் கணக்கும் முடிந்தது' என்று தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துக் கேட்டார். நானே 25,000 என்றும், பாக்கி 16,500 என்றும் எழுதித்தான் போட்டேன். மீதி பேங்கில் ஏறிய பிறகே மனுவை வாபஸ் வாங்கினேன். லைசென்ஸும் கைக்கு வந்தது. அதுவரை போனில் டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் இருக்கும் லைசென்ஸை வைத்து ஆக்டிங் (மாற்று டிரைவராக) போய்க் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டேன். அது சட்டப்படி செல்லும், செக்போஸ்டில் தைரியமாகக் காட்டுங்கள்.

போன வாரம் அதே ஷெட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். இப்போது எல்லா வண்டிக்கும் தார்ப்பாய் புதுசு போட்டிருக்கிறார்களாம். மனசுக்கு நிறைவாக இருந்தது. லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். ஆபீஸ் பீரோவில் இருக்கிறது என்றான்.