கறுப்பு கறுப்பாகவே காய்ந்தது: லான்சர் இவோ 6, பெயின்ட் கட்டம்

மாடல் காரின் பாடி வெளுக்காமல் கறுப்பாகவே காய்ந்துவிட்டது. சென்னையில் கார் மாடல் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரிந்துவிடும்.

கிட், ஜப்பானிய மாடல் நிறுவனம் டாமியாவின் 1/24 அளவு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6, சுருக்கமாக இவோ 6. முதல் கார் மாடலுக்கு ஃபெராரி, போர்ஷே என்று எத்தனையோ பெட்டிகள் கண்ணில் பட்டாலும் மனசு லான்சரிலேயே நின்றது. 1998-இல் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அசெம்பிள் செய்யத் தொடங்கிய கார் ஆயிற்றே. நம் ரோட்டில் ஓடியது சாதுவான செடான். 1996 முதல் 1999 வரை ராலி ஓட்டுநர் டாமி மாக்கினென் தொடர்ந்து நான்கு உலக ராலி பட்டங்கள் வாங்கியது அதன் முரட்டு அண்ணன்களான இவோ லான்சர்களில்.

அச்சுக்கோடு தேய்த்தது, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தது எல்லாம் வழக்கம்போலத்தான். கதவு, பானெட் விளிம்புகளைக் காட்டும் பேனல் கோடுகளை மட்டும் பிரைமருக்கு முன்பே நன்றாக ஆழப்படுத்திக்கொண்டேன். கதவுக்கோடு பெயின்டில் அடைபட்டால் கார் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

சிக்கல் ஆரம்பித்தது டிஎஸ்-14 கறுப்பில், அதாவது டாமியாவின் ஸ்ப்ரே கேன் லாக்கர் பெயின்டில். அடித்தவுடன் கண்ணாடி மாதிரி மின்னும், சிறிது நேரத்தில் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளையாகப் படலம் எழும். கேனைக் குறை சொல்லிப் பயனில்லை. லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த ஈரப் பெயின்டின் மேல் படிந்து உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெள்ளைக் காரில் கண்ணுக்கே தெரியாது. கறுப்பில் ஊருக்கே தெரியும்.

இணையத்தில் எல்லோரும் ஈரப்பதம் குறைந்த நாளில் அடியுங்கள் என்கிறார்கள். சென்னையில் அப்படி ஒரு நாளை எங்கே போய்த் தேடுவது? ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மாடிப்படி நிழலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். நாளைத் தேட வேண்டாம், நேரத்தைத் தேடினால் போதும். கோடையில் விடிகாலை ஈரம் அதிகம். வெயில் ஏற ஏற, தரைக்காற்று வீசும்வரை முள் இறங்கிக்கொண்டே வந்து 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கடல்காற்று உள்ளே நுழைந்ததும் மளமளவென்று 70-க்கு ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில், முற்பகலில் கிடைக்கும் இடைவெளிதான் பெயின்ட் நேரம். சில நாள் கடல்காற்று சீக்கிரமே வந்துவிடும். அன்றைக்குக் கேனைத் தொடவே கூடாது.

கீழ்வீட்டு அக்கா வடாம் காயப்போடுவதும் அதே நேரத்தில்தான்.

"தம்பி, இந்த நாத்தம் வடாத்துல ஏறிடாதா?"

"நான் அந்தக் கோடிக்குப் போயிடறேங்க்கா, காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது."

அதிலிருந்து அவர் வடாம் பிழிகிற நாட்களை நானும் கவனித்து வருகிறேன். அவர் கணிப்பு என் ஈரப்பதமானியை விட மேல்.

நேரம் கிடைத்தாலும் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. பாடியை ஏசி அறையிலிருந்து எடுத்து வந்து உடனே அடிக்கக் கூடாது. குளிர்ந்த பிளாஸ்டிக் தானாகவே ஈரம் இழுக்கும். முன்கூட்டியே மாடி நிழலில் வைத்துவிட வேண்டும், வெயிலில் அல்ல, வெயிலில் வளைந்துவிடும். அப்புறம், கேனைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தினால் ஸ்ப்ரே பூந்தூவலாக வரும். கொதிநீர், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம். எடுத்ததும் கேனைத் துடைத்துவிடுங்கள், அடியில் தங்கிய ஒரு சொட்டு பானெட்டில் விழுந்தால் கதை முடிந்தது.

முதலில் ஓரங்களுக்கும் கோடுகளுக்கும் தூவல் மட்டும். அடுத்த பூச்சும் மெல்லியதே. கடைசியில் ஒரே ஒரு ஈரப்பூச்சு, கேனின் பொத்தானைப் பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைத் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்திருந்த கூரையும் இந்த ஈரப்பூச்சில் சரியாகிவிட்டது. கீழே உள்ள பெயின்ட் இளகி, மாட்டியிருந்த ஈரம் வெளியே போய்விடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கத் தேவையே இல்லை.

கேன் கிடைப்பது தனிப் புலம்பல். அழுத்தக் கேன் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரைவழியில் ஆடி அசைந்து வரும். ஒரு கடைக்காரர் பணம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அதைச் சொன்னார். அவசரத்துக்கு கார் பெயின்ட் கடையில் கிடைக்கிற கேனை வாங்கியும் சோதித்தேன், பிளாஸ்டிக் ஸ்பூனில்தான். ஸ்பூன் சுருங்கிப்போயிற்று. பிரைமர் இல்லாமல் அதைக் கிட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இதற்கு நடுவே டாமியாவின் 1966 பீட்டில் கிட்டும் அலமாரிக்கு வந்துவிட்டது. அதற்கு இளநீலம் யோசித்து வைத்திருக்கிறேன். வெளுத்தாலும் சமாளித்துவிடலாம் பாருங்கள். ஏர்பிரஷ் ஆசையும் இருக்கிறது, ஆனால் இந்த ஊரில் கம்ப்ரஸருக்கு, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் போடாமல் ஆரம்பிக்கவே முடியாது.

லான்சரில் டிஎஸ்-13 கிளியர் என்ற நிறமில்லாத மேற்பூச்சு இன்னும் பாக்கி. அதற்கும் அதே முற்பகல்தான் வேண்டும், இந்த வாரம் முழுக்க மேகமூட்டம். அதுவரை உட்புறத்தில் சீட்டுகளுக்குப் பெயின்ட் போய்க்கொண்டிருக்கிறது, தூரிகையில்தான்.