ஒற்றை அறை தேடும் நாட்கள்

மார்ச் 2, திங்கள்
மாத முடிவுக்குள் இங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். நாள் முழுக்க போனும் கையுமாக இருந்தேன். பாதி விளம்பரங்களில் குளியலறைப் படமே இல்லை. படம் போடாத இடத்துக்கு இனி போவதாக இல்லை.

மார்ச் 3, செவ்வாய்
30 சதுர மீட்டர் என்று போட்டிருந்தார்கள். டேப் பிடித்து அளந்தேன். நீளம் ஆறு மீட்டர், அகலம் மூன்றரை, குளியலறையும் அதற்குள்ளேயே. ஆக, 21. சுவர்த் தடிமன், பொது நடைபாதையில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்த கணக்காம். கால் வைத்து நடக்கிற இடம் எவ்வளவு என்று மட்டும்தான் இனி கேட்கப் போகிறேன். என் கட்டில் 190 சென்டிமீட்டர். அதை அங்கே குறுக்கே போட்டால் கதவு முழுசாகத் திறக்காது.

மார்ச் 5, வியாழன்
ஜன்னல் இருந்தது. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

மார்ச் 8, ஞாயிறு
பிடித்துவிட்டது. வெளிச்சம், இரண்டு பக்கம் ஜன்னல், காற்று குறுக்கே ஓடுகிறது. ஆனால் ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட். மற்ற மூன்றும் பழசு. ஏன் அந்த ஒன்று மட்டும்? உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் குளியலறை. குழாய் கசிந்தால் பெயின்ட் எத்தனை நாள் மறைக்கும்? ஒற்றை அறையில் சமையல், குளியல், துணி உலர்த்துவது, தூக்கம் எல்லாம் ஒரே காற்றில். நீராவி போய்ப் படிவது குளிர்ந்த சுவரில்தான், பூஞ்சையும் அங்கேதான் வரும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு அன்பாகப் பேசினார். இருந்தாலும் அந்தச் சுவர்.

மார்ச் 9
இரவு மறுபடியும் இருமல்.

மார்ச் 10, செவ்வாய்
புரோக்கர் வேறொரு இடம் காட்டினார். இன்றே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கைமாறிவிடுமாம். இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். முகம் மாறினாலும் சாவி கொடுத்தார். பக்கத்து அறை டிவியில் என்ன செய்தி என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. சுவரைத் தட்டினால் டொக் டொக்கென்று வெறும் பலகைச் சத்தம். ஒரே அறையை இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். படுக்கையறையில் தொடர்ந்து வரும் சத்தம் 30 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொன்னது. போனில் பார்த்தேன், 45-ஐ ஒட்டியே நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிம்மதி.

மார்ச் 12, வியாழன்
அந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "ஆமாம்பா, போன வருஷம் குழாய் உடைஞ்சுது, மாத்தியாச்சு" என்றார். மறைக்கவில்லை. நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது.

மார்ச் 14, சனி
ஒப்பந்தம் வந்தது. 'உள்ளது உள்ளபடி ஒப்படைக்கப்படுகிறது' என்று ஒரு வரி. அப்படியே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்தச் சுவர் ஊறும்போது என் முன்பணத்தில் கழிப்பார்கள். கசிவு வந்தால் வீட்டுக்காரர் செலவில் சரிசெய்ய வேண்டும், சுவரின் படமும் அதன் ஈர அளவும் தேதியோடு இணைக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். கேட்டது அதிகமில்லை.

மார்ச் 15
பதில் இல்லை. அவருடைய மகன்தான் ஒப்பந்தம் பார்க்கிறாராம்.

மார்ச் 16, திங்கள்
போன் எடுக்கவில்லை. நாளை காலை பத்துக்கு இன்னொரு இடம், நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. முதலில் குளியலறைப் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும்.