சவாரி தெரியும் என்று எழுதிய கடிதம்

முதல் முறை ஐந்து பண்ணைகளுக்கு விண்ணப்பம் போட்டேன். ஐந்துக்கும் ஒரே கடிதம். சின்ன வயதிலிருந்தே குதிரை என்றால் உயிர், சவாரி நன்றாக வரும் என்று ஒரு பக்கத்துக்கு உருகியிருந்தேன். ஒரே ஒரு பண்ணையிலிருந்து பதில் வந்தது, அதுவும் இடமில்லை என்று.

நான் படிப்பது குதிரை அறிவியல். கோடை விடுமுறையில் எங்காவது வேலை பார்த்தால்தான் இன்டர்ன்ஷிப்புக்கான கிரெடிட் கிடைக்கும். பொறுப்பிலிருந்த பேராசிரியையிடம் போய் நின்றேன். கடிதத்தைப் படித்துவிட்டு, "குதிரை மேல் உனக்கு ஆசை என்பது புரிகிறது. விடியற்காலையில் லாயத்துக்கு வந்தால் உன்னை நம்பி எந்த வேலையைக் கொடுக்கலாம்? அது இதில் இல்லையே" என்றார்.

திரும்ப எழுதினேன். தலைக்கயிறு மாட்டி நடத்திப் போவேன், குளம்பு சுத்தம் செய்வேன், காய்ச்சல் பார்ப்பேன். காலுக்குக் கட்டுப் போடத் தெரியாது, பிரசவத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. தெரியாததை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தயக் குதிரைகளை வளர்க்கும் ஒரு பண்ணையிலிருந்து தொலைபேசியில் அழைத்த மேலாளர் முதலில் பேசியதே அதைப் பற்றித்தான். அடுத்த கேள்வி, "டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா?" அந்தக் கிருமி மண்ணிலும் குதிரை லத்தியிலும் இருக்கும். லாயத்தில் சின்னச் சின்னக் கீறல் படாத நாளே கிடையாது.

அப்புறம் காகித வேலை. என்ன கற்கப் போகிறேன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, அடிபட்டால் செலவு யாருடையது என்று ஓர் ஒப்பந்தம். பண்ணை, துறை, நான் என்று மூன்று கையெழுத்தும் வேலையில் சேருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வகுப்புத் தோழி ஒருத்தி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவளுடைய முதல் இரண்டு வார உழைப்பு கணக்கில் சேரவே இல்லை.

நிறையப் பிரசவம் பார்க்கலாம் என்ற நினைப்பில்தான் போனேன். வடக்கு அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி பிறக்கும்படி பார்த்துப் பொலிக்கு விடுகிறார்கள். சினைக் காலம் சுமார் 11 மாதம். கோடையில் நான் போய்ச் சேரும்போது ஒரே ஒரு பெட்டை மட்டும் பாக்கி. அதுவும் நள்ளிரவில் ஈன்றது. ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பிறக்கும்போது குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அநேகமாக இருக்காது. சீம்பாலில்தான் வர வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அன்று நான் பட்ட பதற்றம் தேர்வு அறையில்கூடப் பட்டதில்லை.

மற்றபடி கோடை முழுக்க ஒரு வயதுக் குட்டிகளை ஏலத்துக்குத் தயார் செய்யும் வேலைதான். தினமும் நடத்திக் கூட்டிப் போவது, உருவித் தேய்ப்பது, அசையாமல் நிற்கப் பழக்குவது, சாணம் அள்ளுவது. பன்னிரண்டு வாரத்தில் ஒரு நாள்கூடக் குதிரை மேல் ஏறவில்லை.

என் பொறுப்பில் ஆறு குட்டிகள். காலையில் ஒவ்வொன்றுக்கும் உடல் வெப்பம், தீனி, தண்ணீர், லத்தி என்று ஓர் அட்டையில் குறிக்க வேண்டும். நான்காவது வாரத்தில் எனக்கு அது சலித்துவிட்டது. செம்பழுப்புக் குட்டி ஒன்று தீனியில் கால்வாசியை வைத்துவிட்டிருந்தது. பார்த்தேன், ஆனாலும் பழக்கத்தில் 'தின்றது' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். லாயத்தில் பல வருடமாக இருக்கும் பெரியவர்தான் தொட்டியை எட்டிப் பார்த்து, லத்தி குறைந்து உலர்ந்திருப்பதையும் கவனித்து, தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்க்கச் சொன்னார். 15 நொடியில் 18, நிமிடத்துக்கு 72. வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். குட்டிக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இவ்வளவு இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் அடைத்துக்கொண்டால் மேல்வழியாக வெளியேறவே வழியில்லை. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் திரவம் ஏற்றினார். சாயங்காலம் லத்தி போட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. அந்த லத்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மேலாளர் திட்டவில்லை. அட்டையில் 'தின்றது' என்பதை அடித்துவிட்டு நேரம் போட்டுத் திருத்தி எழுதச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'தின்றது' என்று நான் எழுதவே இல்லை. எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம் என்றே எழுதினேன்.

திரும்பி வந்து துறையில் பதினைந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. படங்கள், வரைபடங்கள் எல்லாம் போட்டுக் காட்டினேன். பேராசிரியை கேட்டதெல்லாம் அந்த ஒரு அட்டையைப் பற்றித்தான். அதை மறைத்துவிடலாமா என்று முதல் நாள் இரவு யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏலம் நடந்த அன்று எனக்கு வகுப்பு. மதியம் மேலாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "உன் செம்பழுப்பு விற்றாயிற்று. காலையில் தொட்டியைச் சுத்தமாக நக்கிவிட்டுத்தான் வண்டி ஏறினான்."